அயல்நாடு காண வந்த குடும்பங்கள்

குடும்பத்துடன் அயல்நாடு ஒன்றைச் சுற்றிப் பார்த்து வருவது ஒரு காலத்தில் ஜமீன்தார்களுக்கும் பாரிஸ்டர்களுக்கும் மட்டுமே கைகூடிய இன்பமாக இருந்தது. இன்று அது மத்தியதர வகுப்பினருக்கும் எட்டிவிட்டது. விடுமுறைக் காலங்களில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்கு வரும் குடும்பங்கள் கண்டியில் தலதா மாளிகையைக் கண்டு, ரம்பொடை அனுமார் கோயிலிலும் நுவரெலியாவை அடுத்த சீதையம்மன் கோயிலிலும் வழிபட்டுவிட்டு, ஹட்டன் வீதி வழியே இறங்குகின்றன. அந்த வீதியில், ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், கொட்டகலை என்னும் சிறு பட்டினம் இருக்கிறது. பட்டினத்தில் அவர்களுடைய வண்டிகள் நிற்பதில்லை. டெவன் நீர்வீழ்ச்சியும் சென்ட் கிளேயர் நீர்வீழ்ச்சியும் கண்ணில் படும் மலைத் திருப்பங்களிலேதான் நிற்கின்றன. தேயிலைச் செடிகளுக்கிடையே முதுகில் கூடையுடன் நிற்கும் பெண்ணும் புகைப்படத்தில் விழுகிறாள். அவள் பேசுவது தமிழ் என்று தெரிந்ததும் வந்தவர்களுக்கு வியப்பு. "எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று அன்போடு கேட்பவர்களும் உண்டு.

அவள் வரவில்லை, அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் வந்தான். அவன் எந்த வழியாக வந்தான், யாரோடு வந்தான், வந்த பிறகு அவனுக்கு என்ன பெயர் சூட்டப்பட்டது என்பதெல்லாம் தமிழர்களின் அயல்நாட்டுப் பிரயாணச் சரித்திரத்திலேயே மிகப் பெரிய அத்தியாயமாகும். ஆனால் உல்லாசப் பிரயாணக் கையேடுகளில் அதற்கு இடமில்லை. இராமன் நடந்த வழி என்று கதை சொல்லி, சீதை சிறையிருந்த வனம், அனுமன் கால் பதித்த குன்று என்று ஒவ்வோரிடத்திலும் வண்டியை நிறுத்திக் காட்டுகிறார்கள். பக்தர்களின் நம்பிக்கையை நாம் குறை கூற வரவில்லை. ஆயினும், சான்றே இல்லாத காலடிகளுக்கு வழிகாட்டிப் பலகை நட்டுவிட்டு, இலட்சக்கணக்கான மனிதர்கள் உண்மையாகவே நடந்த வழியை அடையாளமின்றி விட்டிருப்பது விசித்திரமான வரலாற்றுணர்ச்சி அன்றோ?

இம்மலைநாட்டுக்கு உல்லாசமாகக் குடும்பத்துடன் வந்தவர்களுள் ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் பெயர் பெற்றவர். காய்ச்சலால் நலிந்து, நுவரெலியாவின் குளிர்ந்த காற்றில் உடல் தேறிய அவர், அங்கேயே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்க எண்ணினார். 1848இல் மனைவி, சகோதரர், பண்ணை மேற்பார்வையாளர், கொல்லர் எனப் பதினெட்டுப் பெரியவர்களையும், உயர்ந்த சாதி மாடு, ஆடு, குதிரை, வேட்டை நாய்களையும் கப்பலேற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மலைப்பாதையில் அவருடைய கோச்சு வண்டி பள்ளத்தில் உருண்டது. அந்த விபத்தை, தாம் எழுதிய இலங்கை நூலில் சுவையாக விவரித்திருக்கிறார். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவே, ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் வண்டி கவிழ்ந்தது இப்படி அச்சேறி நிலைபெற்றுவிட்டது.

அதே ஆண்டுகளில் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய கூட்டங்களைப் பற்றி அவ்வாறு எழுதியவர் எவர்? திருநெல்வேலி, மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களில் மழை பொய்த்த ஊர்களிலிருந்து கங்காணிகள் திரட்டி வந்த கூட்டங்கள் அவை. பெரும்பாலோர் நிலமற்ற பண்ணையாட்கள். சாதியின் பெயரால் மிதிபட்டவர்கள். மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரையில் ஏறத்தாழ 150 மைல் காட்டுவழி. குடிக்கும் நீரிலே வாந்திபேதி, கொசுக்கடியிலே மலேரியா. 1841 முதல் 1848 வரையில் மட்டும் 70,000 பேர் மாண்டிருப்பர் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை மதிப்பிட்டது. அந்த எண் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று வாதாடியவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள். செத்தவர்களைப் பேரெழுதி வைக்க எந்த ஏடும் இருக்கவில்லை என்பதே அவ்வாதத்துக்கு இடங்கொடுத்தது.

இவர்கள் வந்தது கோப்பிக்காக. நிலம் எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டம், உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் மேய்ச்சல் வெளியும் அரசுக்குச் சொந்தம் என்றது. கண்டிச் சிங்களக் குடியானவனிடம் ஏது உறுதிப் பத்திரம்? அவன் நிலம் ஏக்கர் கணக்கில் துரைமார் கைக்குப் போயிற்று. புதிய வரிகளும் சேர்ந்துகொள்ள, 1848இல் மாத்தளையில் அவன் கலகம் செய்து சுடப்பட்டான். நிலத்தை இழந்த சிங்களவனும் நிலமே இல்லாத தமிழனும் அடுத்தடுத்த மலைச்சரிவுகளில் நிறுத்தப்பட்டார்கள். பின்னாளில் ஒருவனை மற்றவனுக்குப் பகைவனாகக் காட்டிய அரசியல்வாதிகள், இருவரையும் அங்கு நிறுத்தியவன் யார் என்பதை மட்டும் பேசவில்லை.

கோப்பிக் காலத்து வருகை குடும்பப் பிரயாணம் அன்று. கோப்பிக்கு அறுவடைப் பருவம் ஒன்று உண்டு. அப்பருவத்துக்கு ஆண்கள் வருவார்கள். முடிந்ததும் பிழைத்தவர்கள் ஊர் திரும்புவார்கள். 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைத் தொட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தொழில் வீழ்ந்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் இல்லை. கொழுந்து ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்பட வேண்டும். ஆண்டு முழுவதும் பறிக்கப்பட வேண்டும். அதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டியிருந்தன. குழந்தைகளின் கைகளும் குறைந்த கூலிக்குக் கிடைத்தன. ஆகவே துரைமாருக்கு இப்போது ஆள் போதவில்லை, குடும்பம் வேண்டியிருந்தது. தமிழ்க் குடும்பங்கள் மலையேறியதன் இரகசியம் இதுதான். பாசத்தினாலோ ஊர் காணும் ஆவலினாலோ அன்று. ஒரு செடி தளிர்க்கும் முறை மாறியதனால் ஏற்பட்ட குடிபெயர்ச்சி அது. தனியாட்கள் சில மாதம் படுத்தெழும்பக் கட்டிய லயத்துக் காம்பராக்களே, தாயும் தந்தையும் மக்களும் மருமகளும் வாழும் வீடுகளாயின. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் மூன்று தலைமுறை.

வழியும் மாறியது. கொழும்பிலிருந்து மலைக்கு வந்த இருப்புப்பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 560 மீட்டர். 2019 வரையில் இலங்கைப் புகையிரதப் பாதைகளில் இதைவிட நீண்ட சுரங்கம் இருக்கவில்லை. இன்று உல்லாசப் பிரயாணிகளின் பிள்ளைகள் அந்த இருட்டில் கூச்சலிட்டு மகிழ்கிறார்கள். பிள்ளைகள் மகிழட்டும். பாதைக்கு மண்வெட்டிப் பாறை குடைந்ததில் தென்னிந்தியத் தொழிலாளரின் பங்கு பெரிது என்று பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் சொல்லிவைத்தால் நல்லது.

சுரங்கத்தைக் கடந்தவுடன் கண்ணில் படும் தோட்டங்களின் பெயர்களைப் பாருங்கள்: டிரேட்டன், ஸ்டோனிகிளிவ், மவுண்ட் வேர்னன், ரொசிட்டா. டெவன் நீர்வீழ்ச்சியும் ஒரு கோப்பித் துரையின் பெயரால் அழைக்கப்படுவதே. மலையைக் காட்டாக இருந்த காலத்திலிருந்து தோட்டமாக்கிய கைகளின் பெயர் ஒன்றேனும் எந்த அருவிக்கும் இடப்படவில்லை. (சென்ட் கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு இப்போது வேறொரு கதி. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் அதற்குத் தண்ணீர் அளந்துதான் விடப்படுகிறது.) துரையின் ஆங்கிலச் சொற்களைத் தொழிலாளி தன் நாவுக்கு வசப்படுத்திக்கொண்டான். அணிவகுப்பைக் குறித்த 'பரேட்' பிரட்டு ஆயிற்று. ஊரிலிருந்து அவன் சுமந்து வந்த பண்டங்கள் வேறு. மாரியம்மன் வந்தாள்; மாசியில் காமன் கூத்து வந்தது; அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் வந்தன. எரிந்த காமன் மீண்டும் எழும் கூத்தை ஒரு தோட்டமே இரவிரவாகக் கண்விழித்து நடத்துவதைக் காண்பவர்கள், இங்கே 'கலாசாரம்' என்று எதைப் பார்க்க வேண்டும் என்பதை உணர்வார்கள். உணவு விடுதி மேடையில் உல்லாசப் பிரயாணிகளுக்காக ஆடப்படும் நடனம் அதற்கு ஈடாகாது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் சீட்டு வாங்கினால் கொழும்பு வரையில் போகலாம் என்பது அக்காலத்து அதிசயம். உத்தியோகஸ்தர் குடும்பமும் வியாபாரி குடும்பமும் மெத்தை இருக்கையில் போயின. அதே கப்பலில் தோட்டத்துக்குப் போகும் குடும்பம் ஏறுவதற்கு முன்பு மண்டபத்தில் இறங்க வேண்டும். அங்கே இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே ஒரு முகாமை நடத்தி வந்தது. துணிகள் ஆவியில் அவிக்கப்பட்டன, அம்மை குத்தப்பட்டது, நோயில்லை என்று தெரியும்வரை வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகர வில்லை ஒன்று அவர்களிடம் இருந்தது. கடவுச்சீட்டு, பிரயாணச் சீட்டு, விலாசம் மூன்றும் அந்தத் தகரமே. வழிச்செலவும் கங்காணி கொடுத்த முன்பணமும் குடும்பத்தின் கடனாக ஏறின. கடன் தொகையைக் குறித்த 'துண்டு' ஒன்றைக் கையில் கொடுத்து, அத்தொகையைக் கட்டும் தோட்டத்துக்கு ஆளை விடும் வழக்கம் 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. உலகத்தில் எத்தனையோ பேர் அயல்நாடு கண்டிருக்கிறார்கள். போய்ச் சேருமுன்பே கடனாளியாகி, கடனோடு கைமாறியவர்கள் எத்தனை பேர்?

இந்த மலைகளைப் பார்ப்பதற்கென்றே வந்து உண்மையாகவே பார்த்த ஒருவரை இங்கு நினைக்க வேண்டும். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், தோட்டத்துக்குள் அயலார் கால் வைப்பது அத்துமீறல் குற்றமாக இருந்த நாளில், புடைவை வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குள் நுழைந்தார். கண்டதை எழுதினார். பிறகு இங்கேயே தங்கிப் பத்திரிகை நடத்தி, 1931இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார்; எழுத்தறியாத பெண்களுக்கு அப்பாட்டே துண்டுப் பிரசுரம். இவர்களும் ஒரு குடும்பந்தான். இவர்கள் செய்ததும் அயல்நாட்டுப் பிரயாணந்தான்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் கொட்டகலை ஒரு தனித் தொகுதி. லயத்திலிருந்து சென்று வாக்களித்தவர்கள் இலங்கை இந்தியன் காங்கிரசின் கே. குமாரவேலுவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அக்கட்சியின் எழுவர் தெரிவாயினர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளின் பக்கம் விழுந்தன. சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நம்புகிறவர்கள் நம்பலாம். இலங்கையில் பிறந்தது போதாது. தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். தகர வில்லையுடன் வந்தவனின் மகனிடம் தந்தையின் பிறப்புச் சான்று கேட்கப்பட்டது.

1949இல் இன்னொரு சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது: தொடர்ச்சியாக இங்கு வாழ்ந்ததை நிரூபித்தால் பதிவு பெறலாம், மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு. இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். நம் பொருளுக்கு இது மிகவும் வேண்டிய செய்தி. தாய் சாகக் கிடக்கிறாள் என்று ஊர் போய், கப்பற்காசு சேராமல் தாமதித்துத் திரும்பியவனுக்கு அப்பிரயாணமே அயலான் என்பதற்கு அத்தாட்சியாயிற்று. துரை ஆண்டுக்கணக்கில் விடுமுறைக்கு இங்கிலாந்து போய் வந்தால் அவன் தோட்டம் அவனுக்கு அயலாகவில்லை. விண்ணப்பங்களில் அடங்கிய ஏறத்தாழ 8 இலட்சத்து 24 ஆயிரம் பேரில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. வாக்குரிமையும் போயிற்று. கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தோற்றது. கொட்டகலைத் தொகுதியில் 1952இல் தேர்தல் நடந்தது. 1947இல் வாக்களித்த தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோரின் பெயர் பட்டியலில் இல்லை. பிறகு அத்தொகுதியே இல்லாமற் போயிற்று.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டனர். நாடற்றவர் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர். அவர்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவாயிற்று. பிறகு பேசினார்கள்: 1974இல் பாதிப் பாதி. பங்கு பிரிக்கப்பட்டவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. ஒப்பந்தம் நடந்து எட்டு வாரத்துக்குள், டிசம்பர் 22ஆம் தேதி இரவு, புயல் தனுஷ்கோடியை இருப்புப்பாதையோடு அடித்துச் சென்றது. அதனால் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது.

கொட்டகலை, ஹட்டன் நிலையங்களிலிருந்து குடும்பங்கள் புறப்பட்ட காட்சியை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பதிவு. மகள் கணவன் வீட்டுப் பட்டியலில், தாய் மகன் பட்டியலில். ஏறியவர்களும் அழுதார்கள், மேடையில் நின்றவர்களும் அழுதார்கள். அந்த வண்டிக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. போனவர்களில் பலர் இந்தியாவை முன்பின் கண்டவரல்லர். தாயகம் திரும்புதல் என்று அரசாங்கங்கள் எழுதிக்கொண்டன. உண்மையில் அது அவர்கள் முதன்முதலாகச் செய்த அயல்நாட்டுப் பிரயாணம். இறங்கிய இடம் எது? மண்டபம் முகாம். பாட்டனுக்கு அம்மை குத்திய அதே வேலிக்குள் பேரனுக்கு உதவித்தொகைக் கடிதம் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தில் சிலருக்கு நீலகிரியில் வேலை கிடைத்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் கொழுந்து, மறுபடியும் லயம். அங்கே அவர்களுக்குப் பெயர் 'சிலோன்காரர்'. இங்கே 'இந்தியாக்காரன்' என்று ஏசப்பட்டவர்கள் அங்கே இப்படி ஆனார்கள்.

1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இலங்கை மக்களுள் இந்தியத் தமிழர் நூற்றுக்கு 11.7 பேர், 1981இல் 5.5 பேர். ஏறத்தாழ நாலரை இலட்சம் பேர் கடல் கடந்த பிறகு, 1984இல் போரினால் கப்பல் நின்றது. எஞ்சிய நாடற்றவர்களின் கணக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் தீர்க்கப்பட்டது. கடைசிச் சட்டம் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்தவரும் அவர் வழித்தோன்றல்களும் இலங்கையர் என்றது. பண்டங்களைப் போல் பங்கிட்ட நாளே உரிமைக்கும் எல்லைக்கல்லாக வந்து நின்றது.

இவற்றையெல்லாம் எங்கே பார்ப்பது என்று மாணவர்கள் கேட்கலாம். நூதனசாலையை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது; கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ஆசிரியர்களாகப் பயிற்சி பெறுகிறார்கள். நீர்வீழ்ச்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை ஒதுக்கி அவர்களோடு பேசினால், எந்தக் கையேட்டிலும் இல்லாத செய்திகள் கிடைக்கும். 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வந்து இருநூறாண்டு நிறைவதையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் ஒரு நடைப்பயணம் நடந்தது. ஜூலை இறுதியில் புறப்பட்டவர்கள் ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தார்கள். நிலமும் சமத்துவமும் கேட்டு நடந்த அவர்களைத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வழியில் வரவேற்றார்கள். பழைய காட்டுவழியில் மூதாதையரைப் போல் சாவதற்கு அஞ்சாமல் நடக்க முடிந்த முதல் குடும்பங்கள் இவை.

இன்று இராமேஸ்வரம் செல்லும் புகைவண்டியில் பாம்பனுக்கு முன்னே மண்டபம் முகாம் என்ற பெயருடன் ஒரு நிலையம் வருகிறது. அம்முகாமில் இலங்கைப் போரினால் ஓடிவந்த அகதிக் குடும்பங்கள் வாழ்கின்றன. தமிழ்நாட்டு முகாம்களில் உள்ள அகதிகளுள் பல்லாயிரவர் மலைநாட்டுத் தோட்டங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியில் தங்களுக்கு இந்தியப் பிரஜாவுரிமை உண்டு என்பது அவர்களில் பலரின் வாதம். அவர்களில் சிலர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஜூனில் உத்தரவிட்டது. இந்தியச் சட்டத்தின் கணக்கில் அவர்கள் அயல்நாட்டவர்.